அனைவருக்கும் மழை விடுமுறை

அந்த அறிவிப்பில் மொத்தம் ஒன்பது சொற்கள். "கனமழை காரணமாக நாளை நமது கல்லூரிக்கு விடுமுறை. மாணவர்கள் அனைவருக்கும் தெரிவிக்கவும்." ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் மாலை ஐந்து மணி வாக்கில் எங்கள் அலுவலகச் சூப்பிரண்டு சார் அதைக் கணினியில் தட்டி, 'அனைவரும்' என்ற குழு முகவரிக்கு அனுப்பினார். அடுத்த பத்து நிமிடத்தில் ஒரு பழைய மாணவிக்கான சான்றுக் கடிதம் ஒன்றையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு திருமயம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

புதுக்கோட்டையில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் நான். வேலை ஆர்டரில் 'ஆய்வகப் பொறுப்பாளர்' என்று இருக்கும். பிரிண்டரில் தாள் சிக்கினாலும், முதல்வர் அறையில் புரொஜெக்டர் எரியாவிட்டாலும், சர்வர் படுத்துக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிறந்தது ஆவூர்ப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து, இந்த வேலையில் சேர்ந்து பதினோரு வருஷம் ஓடிவிட்டது. மற்ற கல்லூரிகள் மின்னஞ்சலைப் பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்ட பிறகும் எங்கள் நிர்வாகம் சொந்த சர்வர்தான் வேண்டும் என்று நின்றது. எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்துவிட்டுப் போனது அது. தூசு தட்டி, எனக்குத் தெரிந்தவரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சூப்பிரண்டு சார் கவனக்குறைவான ஆள் இல்லை. ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுமென்றால் முதலில் பென்சிலால் எழுதுவார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை படிப்பார். அதற்குப் பிறகுதான் இரண்டு விரலால் தட்டுவார். கவனக்குறைவு என்னுடையது. அந்த வருஷ ஆண்டுவிழாவுக்குப் பழைய மாணவர்கள் எல்லாருக்கும் அழைப்பு போக வேண்டும் என்று முதல்வர் சொன்னார். அவர்களுடைய முகவரிப் பட்டியலை அப்படியே எடுத்து 'அனைவரும்' குழுவுக்குள் சேர்த்தேன். முதல்வர் தம் சொந்த முகவரியிலிருந்து அனுப்புவார் என்பதால், யார் எழுதினாலும் எல்லாருக்கும் போகிற மாதிரி குழுவின் பூட்டையும் திறந்து வைத்தேன். விழா முடிந்ததும் இரண்டையும் பழையபடி மாற்றவேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன். மின்விசிறிக் காற்றில் அந்தத் தாள் எங்கே போனதோ, எனக்கும் மறந்துபோயிற்று.

ஆக, எங்கள் ஊர் மழைக்கான விடுமுறை ஏழாயிரம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தது. அதில் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் மறுநாள் கல்லூரிக்கு வர வேண்டியவர்கள்.

காலையில் எழுந்து போனைப் பார்த்தபோது என் மின்னஞ்சல் பெட்டியில் அறுநூறுக்கு மேல் கடிதங்கள் இருந்தன. பல் துலக்கிவிட்டு வருவதற்குள் எழுநூறு. ஏதோ வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். மழை விடுமுறை மாணவர்களுக்குத்தான், அலுவலகத்துக்கு இல்லை. கணவர் மழைக்கோட்டோடு பைக்கில் கொண்டுவந்து விட்டார். ஆள் நடமாட்டமே இல்லாத வராந்தாவில் சூப்பிரண்டு சார் என் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டை தோள்பட்டை வரை நனைந்திருந்தது.

"வாங்கம்மா. நான் ஒரே ஒருக்காதான் அமுக்குனேன். சத்தியமா ஒருக்காதான்," என்றார்.

"என்ன சார் ஆச்சு?"

"கனடாவுலேருந்து ஒருத்தரு நன்றிங்கிறாரு. துபாய்லேருந்து ஒருத்தரு எனக்கும் லீவு உண்டான்னு கேக்குறாரு. நம்ம லீவு விட்டது இவுங்களுக்கெல்லாம் எப்படிம்மா தெரிஞ்சது?"

கணினியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் வந்தவை எல்லாம் 'நன்றி ஐயா' வகை. அதற்குப் பிறகு, "நான் படித்து முடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, என்னை ஏன் சேர்த்தீர்கள்?" என்று கேள்விகள். அந்தக் கேள்வி ஏழாயிரம் பேருக்கும் போயிருந்தது. "எல்லாருக்கும் பதில் போடாதீர்கள்" என்று நாற்பது பேர் எல்லாருக்கும் பதில் போட்டிருந்தார்கள். "யாருப்பா அது, தூங்க விடுங்க" என்று ஒருவர். அவரைப் பெயர் சொல்லி விசாரித்து இன்னொருவர். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிய கடிதங்கள்தாம் அதிகம். கோபம், கிண்டல், குசலம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன.

இதற்கு நடுவே ஒரு கணினியும் சேர்ந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரில் இருந்த பழைய மாணவர் ஒருவர் விடுப்பில் போயிருந்தார். தனக்குக் கடிதம் வந்தால் 'விடுப்பில் இருக்கிறேன், திங்கட்கிழமை வருவேன்' என்று அவர் அலுவலகக் கணினி தானாகப் பதில் அனுப்பும். ஒழுங்காக அமைத்த கணினி, ஒருவருக்கு ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அது நிறுத்தவில்லை. அந்தப் பதில் எங்கள் குழுவுக்கு வந்தது. குழு அதை ஏழாயிரம் பேருக்கும் அனுப்பியது. அந்த ஏழாயிரத்தில் அவரும் ஒருவர். அவர் கணினி மறுபடி விடுப்பு என்றது. எங்கள் சர்வர் மறுபடி எல்லாருக்கும் அனுப்பியது. மனிதர்கள் அலுத்துப்போய் நிறுத்திய பிறகும் இரண்டு யந்திரங்களும் விடியவிடிய ஒன்றுக்கொன்று மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன.

சர்வர் என்னென்ன செய்கிறது என்று வரிவரியாக எழுதிக்கொண்டே போகும் ஒரு பதிவேடு உண்டு. அதைத் திரையில் ஓடவிட்டேன். சாதாரண நாளில் அது சொட்டுச் சொட்டாக நகரும். அன்றைக்குக் கண் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடியது. ஒவ்வொரு வரியும் ஒரு முகவரி. ஓமன், கத்தார், மலேசியா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா. நடுவே பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு தீவு. எங்கள் கல்லூரிக்கு கீரனூரிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் டவுன் பஸ்ஸில் வந்து படித்துப் போன பிள்ளைகள். இவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அதுவரை அந்தப் பட்டியலை ஒரு கோப்பாகத்தான் பார்த்திருந்தேன். இப்போது அதில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்த மாதிரி இருந்தது. சூப்பிரண்டு சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டு பேருமா நம்ம புள்ளைக?" என்றார்.

நிறுத்திவிட வேண்டும் என்று கட்டளையைத் தட்டி வைத்தேன். எண்டர் பட்டனை அமுக்குவதுதான் பாக்கி. அப்போது ஒரு கடிதம் வந்தது. மஸ்கட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். "அறந்தாங்கியில் யாராவது இருக்கிறீர்களா? நேற்று மாலையிலிருந்து அம்மா போனை எடுக்கவில்லை. தனியாக இருக்கிறார். எங்கள் வீடு பெரியகடைவீதிக்குப் பின்னால்." தெருவையும் அடையாளத்தையும் எழுதி, தன் கைப்பேசி எண்ணையும் கொடுத்திருந்தார்.

நான் சூப்பிரண்டு சாரைப் பார்த்தேன்.

"இருங்கம்மா," என்றார் அவர். "அதுக்கு யாராச்சும் பதில் போடட்டும்."

"சார், இது ஓட ஓட நமக்குத்தான் ஆபத்து. வெளியில இருக்குற சர்வர் எல்லாம் நம்மளைத் தடை பண்ணிரும்."

"பண்ணட்டும்மா. அந்தம்மா ஒத்தையில இருக்காம்ல."

நான் கையை எடுத்துக்கொண்டேன். மஸ்கட்காரரை நாங்களே போனில் கூப்பிட்டு உதவியிருக்கலாம் என்பது அப்போது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு பதில் வந்தது. "அண்ணே, நான் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கேன். போய்ப் பாத்துட்டு வாரேன்." எழுதியவர் போன வருஷம் படித்து முடித்துப் போனவர். அரை மணி நேரம் நாங்கள் வேறெதுவும் செய்யவில்லை. வெளியே மழை கொட்டியது. திரையில் விடுப்புக் கடிதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் அந்தப் பதில் வந்தது: "அம்மா நல்லா இருக்காங்க அண்ணே. நேத்துலேருந்து கரண்டு இல்ல, போன்ல சார்ஜ் இல்ல. என் போன்லேருந்து கூப்பிடுறாங்க, எடுங்க."

சூப்பிரண்டு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப நிறுத்துங்கம்மா," என்றார்.

நிறுத்தினேன். பதிவேடு ஓடுவது நின்றது. குழுவுக்குப் பூட்டுப் போட்டேன், பழைய மாணவர்களை வெளியே எடுத்தேன். வரிசையில் காத்துக்கிடந்த லட்சக்கணக்கான கடிதங்களை அழிக்கப் போகும் நேரத்தில் சூப்பிரண்டு சாரின் போன் அடித்தது.

மீமிசலிலிருந்து ஒரு பெண். எங்களிடம் விலங்கியல் படித்தவள். அப்பா கடலுக்குப் போகிறவர். மீன்களுக்கு வரும் நோய்களைப் பற்றி மேலே படிக்க நார்வேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டிருந்தாள். அவள் பட்டம் உண்மையானதுதான் என்று கல்லூரியின் சொந்த முகவரியிலிருந்தே நேராகக் கடிதம் வர வேண்டும் என்பது அவர்கள் விதி. முந்தின நாள் மாலை சூப்பிரண்டு சார் அனுப்பியது அந்தக் கடிதம்தான். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், அவுங்க இன்னும் வரலைன்னு காட்டுது. இன்னைக்குத்தான் சார் கடைசி."

"நேத்தே அனுப்பிட்டேனே தாயி."

"வரலை சார். நான் ராத்திரிலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன்." குரலில் அழுகை இல்லை. அழாமல் பேசவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பேசிய குரல்.

வரிசையில் தேடினேன். அந்தக் கடித மலைக்கு அடியில் இருந்தது அவளுடைய சான்று. அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வரிசை மட்டும் மிக மெதுவாக நகர்ந்ததால், இரவு முழுக்க முயற்சி செய்தும் அதற்கு முறை வரவில்லை. காலையில் முறை வந்தபோது அங்கே கதவை மூடிவிட்டார்கள். மூடிய நேரத்தைப் பார்த்தேன். அறந்தாங்கிப் பதிலுக்காக நாங்கள் காத்திருந்த அந்த அரை மணி நேரத்துக்குள் இருந்தது. நார்வேயில் இருந்த பழைய மாணவர்கள் சிலருக்கும் எங்கள் விடுப்புக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் போயிருக்கின்றன. அவர்கள் படிப்பதும் அதே பல்கலைக்கழகம். அதன் சர்வர் எங்கள் கல்லூரிப் பெயரில் வரும் எதையும் இனி ஏற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டது. இதை நான் சூப்பிரண்டு சாரிடம் சொன்னேன்.

"ரெண்டும் நம்ம புள்ளைகதான்," என்றார். "இப்ப இதுக்கு என்ன வழின்னு பாருங்க."

அவர்கள் சர்வர் திருப்பி அனுப்பிய மறுப்பில் கடைசியாக ஒரு வரி இருந்தது. இது தவறு என்று கருதினால் போஸ்ட்மாஸ்டருக்கு எழுதவும்.

"போஸ்ட்மாஸ்டரா? அங்கிட்டும் தபாலாபீஸ்தானா?" என்று கேட்டார் சூப்பிரண்டு சார்.

மின்னஞ்சல் நடத்தும் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பெயரில் ஒரு முகவரி இருக்க வேண்டும் என்பது பழைய காலத்து ஏற்பாடு. அதற்கு வரும் கடிதத்தை ஒரு மனிதர் படிக்க வேண்டும். நான் பாடத்தில் படித்திருக்கிறேன். அந்த முகவரிக்கு யாரும் எழுதியோ, யாரும் பதில் சொல்லியோ நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு ஆள் உண்மையிலேயே இருப்பார் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

என்னுடைய சொந்த முகவரியிலிருந்து எழுத உட்கார்ந்தேன். சூப்பிரண்டு சார் பென்சிலை எடுத்துக்கொண்டார். "பொருள், பார்வைன்னு போட்டு ஆரம்பிச்சாத்தாம்மா அதிகாரிங்க படிப்பாங்க," என்றார். பொருள் மட்டும் போட்டேன். தவறு எங்களுடையது, இன்னதைச் செய்தேன், இன்னதைச் செய்யாமல் விட்டேன், இப்போது நிறுத்திவிட்டேன், ஒரே ஒரு கடிதம் மட்டும் உங்களுக்குள் வரவேண்டும், அது ஒரு பெண்ணின் படிப்பு. ஆங்கிலத்தில் பத்து வரி. அவர் இரண்டு தடவை படித்தார். "நிறுத்திட்டோம்ங்கிறதை மொதல்ல போடுங்க," என்றார். மாற்றி அனுப்பினேன். அங்கே காலை எட்டு மணி ஆகியிருக்கும்.

இருபத்தைந்து நிமிடத்தில் பதில் வந்தது. அடியில் பெயர் இல்லை, ஒரே ஒரு எழுத்து மட்டும். ஆணா பெண்ணா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வணக்கத்துக்கு அடுத்து ஒரு கேள்வி இருந்தது.

"நிறுத்திவிட்டீர்களா, நிறுத்திவிட்டதாக நினைக்கிறீர்களா?"

அதற்குக் கீழே ஆறேழு வரிகளை வெட்டி ஒட்டியிருந்தார். எங்கள் கல்லூரியிலிருந்து அவர்கள் சர்வருக்கு வந்து தட்டிய கடிதங்களின் விவரம். கடைசி வரியின் நேரம் மூன்று நிமிடத்துக்கு முந்தையது. அதாவது நான் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நிறுத்திவிட்டோம் என்று எழுதியும் அனுப்பிவிட்ட பிறகு. "உங்கள் சர்வரின் இணைய எண் நான்கில் முடிகிறது. இவை ஒன்பதில் முடியும் எண்ணிலிருந்து வருகின்றன. உங்களிடம் இன்னொரு இயந்திரம் இருக்கிறது. அதைக் கண்டுபிடியுங்கள். காத்திருக்கிறேன்."

எங்களிடம் இன்னொரு இயந்திரம் கிடையாது. பதினோரு வருஷமாக அந்தக் கட்டிடத்தின் ஒவ்வொரு கம்பியும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எண்ணைப் பிடித்துக்கொண்டு கம்பி போகும் வழியைத் தேடினேன். வயர்கள் வந்து சேரும் பெட்டியில் ஒரு விளக்கு மட்டும் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரில் மை வெளுத்து, 'நூலகம்' என்று இருந்தது.

"லைப்ரரி சாவி இருக்கா சார்?"

"எல்லாச் சாவியும் இருக்கு, வாங்க."

ஒரே குடையில் இரண்டு பேரும் மைதானத்தைக் கடந்து போனோம். கணுக்கால் வரை செம்மண் தண்ணீர். நூலகத்தில் கரண்டு இல்லை. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவரோரம் ஓடிய வயரைக் கையால் பிடித்தபடியே நடந்தேன். பழைய வினாத்தாள் கட்டுகள் அடுக்கிய கடைசி மேசைக்கு அடியில் அது போய் நுழைந்தது. சூப்பிரண்டு சார் குனிந்து கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே வைத்தார். அதற்குப் பின்னால், ஒரு கிழிந்த பேனர் துணியால் மூடி, செங்கல் இரண்டின் மேல் ஒரு கணினிப் பெட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், கரண்டு போனாலும் அதை ஓடவைக்கும் ஒரு சின்ன யூபிஎஸ். துணியை எடுத்ததும் பச்சை விளக்கு மூச்சு விடாமல் மினுக்குவது தெரிந்தது. பெட்டியின் மேல் விரலால் எழுதக்கூடிய அளவுக்குத் தூசு.

தூசைத் துடைத்துப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் வைத்துவிட்டுப் போனது. பெரிய சர்வர் நின்றால் அதன் வேலையை இது எடுத்துச் செய்யும். அதற்காகக் குழுப் பட்டியலின் நகல், கடித வரிசையின் நகல் எல்லாவற்றையும் தானாகவே வாங்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் நான் அங்கே எண்டரை அமுக்கிய நொடியில் இது விழித்துக்கொண்டு, நான் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறது. யாரும் தொடாத ஒரு பெட்டி இத்தனை வருஷம் கொடுத்த வேலையை மறக்காமல் இருந்ததை நினைத்துத் திகைத்தேன். அதைவிடப் பெரிய திகைப்பு வேறொன்று. எங்கள் நூலகத்து மேசைக்கு அடியில் இருப்பது எனக்குத் தெரியவில்லை. நார்வேயில் உட்கார்ந்திருக்கும், முகம் தெரியாத ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

"புடுங்கிரவா?" என்று கேட்டார் சூப்பிரண்டு சார்.

"புடுங்குங்க சார்."

யூபிஎஸ்ஸில் செருகியிருந்த பிளக்கைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. உள்ளே மின்விசிறி மெல்லச் சுற்றி ஓய்ந்தது. அவர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "காச்சக்காரன் ஒடம்பு மாதிரி சுடுதும்மா," என்றார்.

திரும்பி வந்து எழுதினேன். "இப்போது நிறுத்திவிட்டோம். பெட்டி நூலகத்தில் மேசைக்கு அடியில் இருந்தது. எனக்குத் தெரியாது. நன்றி." சில நிமிடங்களில் பதில்: "ஆம், நின்றுவிட்டது. நானும் பார்க்கிறேன். உங்களுக்கு மட்டும் கதவைத் திறந்திருக்கிறேன். அந்த ஒரு கடிதத்தை இப்போது அனுப்புங்கள்." வரிசையில் கிடந்த மற்றதையெல்லாம் அழித்து, சர்வரை மறுபடி ஓடவிட்டு, சூப்பிரண்டு சாரை உட்கார வைத்து, அவர் கையாலேயே அனுப்பச் சொன்னேன். பதிவேட்டில் ஒரே ஒரு வரி ஓடியது. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று முடிந்தது. காலையிலிருந்து லட்சம் வரிகள் ஓடிய திரையில் அந்த ஒரு வரியை நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்று மணிக்கு மீமிசலிலிருந்து போன் வந்தது. "வந்துருச்சு சார்! வந்துருச்சுன்னு காட்டுது!" என்று கத்தினாள். பின்னால் யார் யாரோ பேசும் சத்தம். அடுத்த ஆடியில் அவள் நார்வேக்குக் கிளம்பிப் போனாள்.

முதல்வர் மறுநாள் கூப்பிட்டார். அவருக்கும் எழுநூறுக்கு மேல் கடிதம் போயிருந்தது. நிர்வாகத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எனக்கு ஒரு மெமோ, அறிவிப்பை அனுப்பியவர் என்ற முறையில் சூப்பிரண்டு சாருக்கும் ஒரு மெமோ. அந்தக் கல்லூரியில் மெமோக்களைத் தயாரிப்பதே அவர்தான். இரண்டையும் பென்சிலால் எழுதி, இரண்டு தடவை படித்து, தட்டி, முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவந்தார். என்னுடையதை என்னிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்டார். தன்னுடையதைத் தானே வாங்கிக்கொண்டு, தானே கையெழுத்துப் போட்டு, தன் பெர்சனல் ஃபைலில் துளை போட்டுக் கோத்தார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. நான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

எங்களைத் தடை செய்த மற்ற இடங்களிலிருந்து பெயரை நீக்குவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனி மன்னிப்பு. அப்படி ஒரு படிவத்தில், உங்கள் போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதைப் பார்த்து எழுதவும் என்று இருந்தது. எங்கள் கல்லூரிக்கும் அப்படி ஒரு முகவரி இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேடினேன். இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் அதைத் தன் மின்னஞ்சல் பெட்டிக்குப் போகும்படி அமைத்திருந்தார். அவர் போனதற்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை.

திறந்தேன். பாதிக்கு மேல் விளம்பரக் குப்பை. மீதி, மனிதர்கள் எழுதியவை. பதினோரு வருஷத்துக் கடிதங்கள். கரண்டு போய்ப் பெரிய சர்வர் அணையும் ஒவ்வொரு முறையும் நூலகத்துப் பெட்டி விழித்திருக்கிறது. எவரோ திருட்டுத்தனமாக மற்றவர்கள் பெயரில் அனுப்பும் குப்பைக் கடிதங்கள் அந்த நேரத்தில் வந்தால், 'உங்கள் கடிதத்தைச் சேர்க்க முடியவில்லை' என்று அந்தப் பெயருக்கு உரியவர்களுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது. கடிதமே எழுதாதவர்களுக்கு! அவர்கள்தாம் எழுதியிருந்தார்கள். சிலே, போலந்து, கென்யா, ஜப்பான். நான் உங்களுக்கு எழுதவில்லையே, ஏன் திருப்புகிறீர்கள்? உங்கள் இயந்திரம் ஏதோ தவறாக அமைந்திருக்கிறது, பாருங்கள். ஒருவர் எதை எப்படித் திருத்த வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கி, மூன்று வருஷத்தில் நான்கு தடவை எழுதியிருந்தார். ஒரு தடவைகூடக் கோபம் இல்லை.

போர்ச்சுகலில் இருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். வயது எழுபத்தெட்டு என்று அவரே குறிப்பிட்டிருந்தார். "என் பெயரில் யாரோ உங்களுக்குக் கடிதம் அனுப்பியிருப்பதாகத் தெரிகிறது. அது நான் இல்லை. அதில் உங்களைப் புண்படுத்தும்படி ஏதாவது இருந்தால் தயவுசெய்து மன்னியுங்கள்." தேதியைப் பார்த்தேன். ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

அந்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் எல்லாருக்கும் பதில் எழுதினேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. குழு எதையும் பயன்படுத்தவில்லை. பாதிக் கடிதங்கள் அப்படி ஒரு முகவரி இப்போது இல்லை என்று திரும்பி வந்தன. நான்கு தடவை எழுதியவர் ஒரே சொல்லில் பதில் அனுப்பினார்: "ஒருவழியாக!" போர்ச்சுகல் அம்மாவுக்கு, அந்தக் கடிதத்தில் தப்பாக ஒன்றும் இல்லை, தப்பு எங்கள் பக்கம்தான், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து பதில் வந்தது. கண் சரியாகத் தெரியாததால் பேத்தியைக் கொண்டு தட்டச் சொன்னதாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பற்றித் தனக்கு இப்போது எதுவும் நினைவில்லை என்றும், ஆனால் பதில் வந்ததில் சந்தோஷம் என்றும், புதுக்கோட்டை எங்கே இருக்கிறது, கடலுக்குப் பக்கமா என்றும் கேட்டிருந்தார்.

அதை அச்செடுத்துக்கொண்டு போய்ச் சூப்பிரண்டு சாரிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"கடல் கொஞ்ச தூரம்தான்னு எழுதுங்கம்மா," என்றார். "பஸ்ஸுல ரெண்டு மணி நேரம்."

அப்படியே எழுதினேன்.